ஷட்டரைத் திறந்ததா, திறக்கச் சொன்னதா: ஓடும் கேமுக்குள் ஓர் ஏஐ ஏஜென்டும் அதற்கு எழுதிய டூல் விவரிப்பும்

தாமிரபரணிப் பாசனத்தை வைத்து பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் குழு கேம் செய்துகொண்டிருக்கிறது. இரவில் ஆள் இல்லாத நேரத்தில் கேமை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கட்டும் என்று ஓர் ஏஐ ஏஜென்டை, அதாவது ஒரு மொழி மாடலின் துணையோடு தானே முடிவெடுத்துச் செயல்படும் நிரலை வைத்தார்கள். காலையில் வந்து லாகை, நடந்ததெல்லாம் பதிவாகும் கோப்பைத் திறந்தால், கன்னடியன் அணைக்கட்டின் ஷட்டரை அது விடிய விடியத் திறப்பதும் மூடுவதுமாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் கேம் கொடுத்த பதில் 'சரி'. கேமின் கோடில் பிழை இல்லை. மாடலும் மோசமில்லை, அப்போது கிடைத்தவற்றில் நல்ல மாடல்தான். இரண்டுக்கும் நடுவில் இருந்தது டூல், கேமில் ஒன்றைச் செய்ய ஏஜென்ட் அழைக்கும் கட்டளை. அதன் விவரிப்பு ஒரே வரி: 'ஷட்டரை இயக்கும்.'

அந்த விவரிப்புகளைத் திருத்தி எழுதும் வேலை எனக்கு வந்தது. அதனால் லாக், கோடு, பழைய ஆவணம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. குழுவின் பெயரும் கேமின் பெயரும் இங்கே வேண்டாம், கேம் இன்னும் வெளிவரவில்லை.

கேமும் அதன் டூல்களும்

ஆடுபவர் ஒரு பாசன அதிகாரி. மேலே 143 அடி பாபநாசம், 156 அடி சேர்வலாறு, 118 அடி மணிமுத்தாறு என்று மூன்று அணைகள். ஆற்றில் இறங்கி வந்தால் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிகிறது: பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய், ஸ்ரீவைகுண்டத்தில் வடகாலும் தென்காலும். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் கடைமடை வரை தண்ணீர் கொண்டுபோக வேண்டும், வெள்ளம் வந்தால் ஊருக்குள் விடக் கூடாது. கேமில் ஒரு வினாடி என்பது ஆற்றில் ஒரு மணி நேரம்.

செய்தது கோடோ என்ற கேம் எஞ்சினில். கேமுக்குள்ளே ஒரு நோட் (கோடோவில் கேமின் ஓர் உறுப்புக்கு இந்தப் பெயர்) வெப்சாக்கெட் என்ற இணைப்பில் காது வைத்துக் காத்திருக்கும். வெளியே ஒரு சின்ன பைத்தான் நிரல் அதோடு பேசி, மறுபக்கம் ஏஜென்டோடு மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் வழியே பேசும். எம்சிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. ஏஜென்ட் முதலில் டூல் பட்டியலைக் கேட்கும். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், சாதாரண மொழியில் ஒரு விவரிப்பு, என்னென்ன அளவுரு தர வேண்டும் என்று ஜேசன் என்ற தரவு வடிவத்தில் சொல்லும் ஸ்கீமா ஆகியவை போகும். கேமைப் பற்றி மாடலுக்குத் தெரியவருவது அவ்வளவுதான். திரையில் ஷட்டர் ஏறும்போது வரும் கிறீச் சத்தமோ, சக்கரம் சுற்றுவதோ, நீலம் மெல்லப் பரவுவதோ அதற்குப் போவதில்லை. மனிதர் அதையெல்லாம் பார்த்து 'ஓ, இன்னும் ஏறுது' என்று புரிந்துகொள்வார். டூல் விவரிப்பில் எழுதாவிட்டால் ஏஜென்டுக்கு அந்தச் சங்கதியே கிடையாது.

கேம் ஆடும் ஏஐ புதிதல்ல. டீப்மைண்டின் அட்டாரி ஆய்வு 2013இல் வந்தது, ஓப்பன்ஏஐ ஜிம் 2016இல், ஸ்டார்கிராஃப்டுக்கான பைஎஸ்சி2 2017இல். அவற்றில் ஒரு வசதி இருந்தது. 'ஸ்டெப்' என்று ஒரு அழைப்பு: செயலைக் கொடுத்தால் உலகம் ஓர் அடி நகரும், புதிய நிலை கையில் வரும், அடுத்த செயல் வரும் வரை உலகம் அப்படியே நிற்கும். காலம் எப்போது நகரும் என்ற ஒப்பந்தம் அந்த அழைப்பிலேயே அடங்கியிருந்தது. 2025 பிப்ரவரியில் கிளாட் மாடலை போகிமான் ரெட் ஆட விட்டு நேரலையில் காட்டினார்கள். அந்தக் கேமின் சண்டை, மாடல் எவ்வளவு நேரம் யோசித்தாலும் அடுத்த பொத்தானுக்காகக் காத்திருக்கும். எம்சிபி டூல்களிலோ காலத்தைப் பற்றிய ஒப்பந்தம் எதுவும் தானாக வருவதில்லை. டூல் எழுதுகிறவர் சொன்னால்தான் உண்டு. பாளையங்கோட்டைக் குழு அதைச் சொல்லவில்லை, மற்ற தொல்லைகளில் பாதி அதிலிருந்து முளைத்தவை.

அந்த இரவின் லாக்

டூலின் பெயர் 'டாகிள் ஷட்டர்'. மூடியிருந்தால் திறக்கும், திறந்திருந்தால் மூடும். கேமில் ஷட்டர் முழுக்க ஏறுவதற்கு 3 கேம் மணி, அதாவது 3 வினாடி ஆகும்.

ஏஜென்ட் ஒரே மூச்சில் இரண்டு டூல்களை அழைத்திருக்கிறது: 'டாகிள் ஷட்டர்', கூடவே 'நிலை'. இப்படிச் சேர்த்து அழைப்பது இன்றைய மாடல்களுக்கு வழக்கம்தான். முதல் அழைப்புக்கு 'சரி' வந்தது. கண் இமைக்கும் நேரத்தில் இரண்டாவதின் பதிலும் வந்தது: 'மூடியுள்ளது.' ஷட்டர் அப்போதுதான் அசையத் தொடங்கியிருந்தது, பாவம். ஏஜென்ட் யோசித்தது: திறக்கவில்லை போலிருக்கிறது, மறுபடி முயல்வோம். அது யோசித்து முடிப்பதற்குள் சில வினாடிகள் ஓடி ஷட்டர் முழுசாகத் திறந்துவிட்டது. இப்போது மறுபடி டாகிள், கூடவே நிலை. ஷட்டர் மூடத் தொடங்கியது. நிலை சொன்னது: 'திறந்துள்ளது.' ஏஜென்டுக்குத் திருப்தி. 'இரண்டாம் முயற்சியில் திறந்தது' என்று குறிப்பு எழுதிவிட்டு வயலைப் பார்க்கப் போனது. வயல் காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் ஷட்டர் மூடியிருந்தது. மறுபடி முதலிலிருந்து.

இந்த லாகில் எனக்குப் பிடித்த இடம், ஏஜென்டின் ஒவ்வொரு ஊகமும் அதனிடம் இருந்த தகவலுக்குச் சரியாக இருந்ததுதான். உண்மை நிலைக்கு நேர் எதிரான பதிலே ஒவ்வொரு முறையும் அதன் கைக்குப் போயிருக்கிறது. வெறும் குழப்பமான தகவலாக இருந்திருந்தால்கூட அது சந்தேகப்பட்டிருக்கும். இது ஒழுங்காகத் தலைகீழாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை.

கோட் எழுதும் பையனின் முதல் யோசனை மாடலை மாற்றலாம் என்பது. குழுவுக்கு ஆலோசகராக ஒருவர் வந்துபோவார், பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது பாசனப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அணைக்கட்டு ஷட்டர்களைக் கையால் சுற்றி ஏற்றிய ஆள். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பையன் லாகைத் தமிழில் படித்துக் காட்டியதும் அவர் கேட்டது:

"ஏல, தொறக்கச் சொன்னது ஒண்ணு, தொறந்து முடிஞ்சது ஒண்ணு, தண்ணி கடமடைக்குப் போய்ச் சேந்தது ஒண்ணு. இந்த மூணுல எதுக்குடே உன் மிசினு சரிங்குது?"

"முதல்ல சொன்னதுக்கு அண்ணாச்சி."

"அப்ப அத மட்டும் சொல்லச் சொல்லு."

திருத்தத்தின் மொத்த வரைவும் இந்தப் பேச்சிலேயே இருந்தது. நான் செய்தது அதை எல்லா டூலுக்கும் எழுத்தில் கொண்டுவந்ததுதான்.

மாற்றி எழுதிய விவரிப்பு

விவரிப்புகள் ஆங்கிலத்தில்தான் உள்ளன. தமிழ் எழுத்துக்கு மாடல்கள் அதிக டோக்கன் (எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டு) செலவழிக்கின்றன, ஒவ்வொரு அழைப்பிலும் விவரிப்பு முழுக்க மாடலுக்குள் போய்வருவதால் அந்தச் செலவு கூடிக்கொண்டே போகும். தமிழில் சொன்னால் புதிய விவரிப்பு ஏறக்குறைய இப்படி:

'செட் ஷட்டர்: ஓர் அணைக்கட்டின் ஷட்டரைச் சொன்ன உயரத்துக்குக் கொண்டுவர ஆணை கொடுக்கும். உயரம் 0 முதல் 100 வரை, சதவீதத்தில். ஆணை ஏற்கப்பட்டதும் பதில் வரும், ஷட்டர் அப்போது நகரத் தொடங்கியிருக்கும், நகர்ந்து முடித்திருக்காது. 0இலிருந்து 100க்கு 3 கேம் மணி ஆகும். முடிந்ததா என்று அறிய, காலத்தை நகர்த்திவிட்டு நிலை டூலை அழைக்கவும். இருக்கும் உயரத்தையே மறுபடி கொடுத்தால் எதுவும் மாறாது. தண்ணீர் கடைமடை சேர்ந்ததா என்பதை இந்த டூல் சொல்லாது. அதற்குக் கால்வாய் ஓட்டம் என்ற டூலைப் பார்க்கவும்.'

டாகிள் போய் செட் வந்திருப்பதைக் கவனிக்கலாம். ஆவண வேலை கோடை மாற்றிய இடம் இது. 'இதையே இரண்டாம் முறை அழைத்தால் என்ன ஆகும்' என்ற வரியைப் பழைய டூலுக்கு எழுதிப் பார்த்தோம். 'முன்பு இருந்த நிலையைப் பொறுத்தது, நகர்ந்துகொண்டிருந்தால் திசை மாறும்' என்று வந்தது. படித்ததும் பையனே டாகிளை எடுத்துவிட்டான். எம்சிபியில் இதற்கென்றே ஒரு குறிப்பு உண்டு, ஐடெம்பொடென்ட் ஹின்ட்: மறுபடி அழைத்தாலும் கூடுதல் விளைவு இல்லை என்று அறிவிப்பது. எழுதாமல் விட்டால் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளப்படும். செட் ஷட்டருக்கு அதை 'ஆம்' என்று போட முடிந்தது. ஆனால் ஹின்ட் என்றால் ஹின்ட்தான். ஏஜென்ட் பக்கத்து மென்பொருள் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் அதே செய்தியை விவரிப்பிலும் வாக்கியமாக வைத்தோம்.

'எப்போது அழைக்க வேண்டாம்', 'அடுத்து எதை அழைக்க வேண்டும்' என்ற இரண்டும் மனிதருக்கு எழுதும் கையேட்டில் அபூர்வமாகவே வரும், மெனுவைப் பார்த்து மனிதர் கண்டுபிடித்துக்கொள்வார் என்று விட்டுவிடுவோம். இங்கே அவை இல்லாத விவரிப்பு பாதி விவரிப்புதான்.

காலத்தை நிறுத்துவது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். அதை ஒட்டி கேமில் ஒரு வெள்ளக் கட்டம் இருக்கிறது. ஏஜென்ட் 8 வினாடி யோசித்தால் ஆற்றில் 8 மணி நேரம் போய்விடும். மணிமுத்தாற்றில் நீர் ஏறுவதைப் பார்த்துவிட்டு அது முடிவெடுக்கும்போது வெள்ளம் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியிருக்கும்.

எனவே காலத்தை நிறுத்தி நகர்த்தும் டூல் வேண்டியிருந்தது. கோடோவில் எல்லா நோடுகளையும் தாங்கும் மரமான சீன் ட்ரீயின் 'பாஸ்டு' என்ற பண்பை உண்மை என்று வைத்தால் கேம் நிற்கும். வைத்துப் பார்த்தார்கள், கேம் நின்றது, டூல் சர்வரும் சேர்ந்து நின்றது. வெப்சாக்கெட்டைக் கேட்கும் நோடும் அதே மரத்தில்தானே இருக்கிறது. ஏஜென்டுக்கு டைம்அவுட் வந்தது, கேம் செத்துவிட்டது என்று அறிக்கை எழுதிவிட்டது. அந்த நோடின் புராசஸ் மோடை 'ஆல்வேஸ்' என்று மாற்றியதும் சரியானது. கோடோவில் கேமைக் கட்டுப்படுத்தும் சர்வர் எழுதுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அதன்பின் 'ஸ்டெப்' டூலின் விவரிப்பு: 'கேம் எப்போதும் நின்றிருக்கும். இந்த டூலை அழைத்தால் மட்டும் காலம் நகரும். எத்தனை கேம் மணி என்று சொல்லவும், 1 முதல் 24 வரை. அத்தனை மணியும் ஓடி முடிந்து கேம் மறுபடி நின்ற பிறகே பதில் வரும். இடையில் கரை உடைப்பு நேர்ந்தால் அந்த இடத்திலேயே நின்று, எத்தனை மணி ஓடியது என்று சொல்லும்.'

இங்கே குழுவுக்குள் ஒரு வாதம் எழுந்தது, நான் இன்னமும் இரண்டு பக்கமும் நிற்கிறேன். காலத்தை நிறுத்தி ஆடும் ஏஜென்ட் விதிகளின் பிழையைக் கண்டுபிடிக்கும். ஆனால் ஆடும் மக்களுக்குக் கேம் நிற்காது. வேகமாகக் கிளிக் செய்யும்போது வரும் பிழைகள், இரண்டு ஆணைகள் ஒரே ஃபிரேமில், அதாவது திரை ஒருமுறை வரையப்படும் நேரத்தில் மோதும் பிழைகள் இந்த முறையில் தலைகாட்டாமலே போகலாம். கடைசியில் இரண்டு முறைகளும் வைத்தார்கள்: 'நிற்கும் காலம்', 'ஓடும் காலம்'. எந்த முறையில் இருக்கிறோம் என்று ஒவ்வொரு பதிலிலும் வரும். ஓடும் காலத்தில் 'ஸ்டெப்' அழைத்தால் பிழைச் செய்தி கிடைக்கும்.

அலகு

பத்திரிகையில் அணை நிலவரம் படிக்கும் எந்த நெல்லைக்காரருக்கும் நீர்மட்டம் அடியில், நீர்வரத்து கன அடியில் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோடிலும் அப்படித்தான். அளவுருவின் பெயர் வெறும் 'ஃப்ளோ'. ஏஜென்டின் குறிப்புகளைப் பார்த்தால் அது வினாடிக்கு கன மீட்டர் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. 100 என்று அது கேட்டது ஆறு நிறைய ஓடும் தண்ணீரை, கிடைத்தது வாய்க்கால் தண்ணீர். நாற்று கருகியது, 'மண் உறிஞ்சும் அளவு மிக அதிகம், கேமின் கணக்கில் பிழை இருக்கலாம்' என்று ஒரு பக் அறிக்கை வேறு போட்டுவிட்டது. அந்த அறிக்கையைத் துரத்தி ஒருவர் ஒரு நாளைப் போக்கினார்.

இப்போது பெயரிலேயே அலகு இருக்கிறது: 'ஃப்ளோ கியூசெக்ஸ்', 'லெவல் ஃபீட்'. விவரிப்பில் மட்டும் போட்டால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. பதிலாக வரும் ஜேசனோடு விவரிப்பு சேர்ந்து வராது, பெயர் மட்டும்தான் வரும்.

அணைக்கட்டுகளை எண்ணால் குறித்திருந்ததும் இதே வகை. 3 என்றால் மேலிருந்து மூன்றாவதா, பூஜ்யத்தில் தொடங்கி எண்ணினால் நான்காவதா? போதாததற்கு கோடோவின் ஜேசன் வாசிப்பான் எல்லா எண்ணையும் தசம எண்ணாக்கிவிடும், 3 போய் 3.0 வரும். எண்ணை எடுத்துவிட்டு எட்டுப் பெயர்களையும் ஸ்கீமாவில் பட்டியலாகக் கொடுத்ததும் அந்தத் தகராறு முடிந்தது.

படமும் நிலையும் முரண்பட்டது

'ஸ்க்ரீன்ஷாட்' டூலில் இரண்டு சங்கடங்கள். ஒரு ஃபிரேம் வரைந்து முடிவதற்குள் படத்தை எடுத்தால் முந்தைய ஃபிரேம்தான் கிடைக்கும். கோடோவில் 'ஃபிரேம் போஸ்ட் டிரா' என்ற சிக்னலுக்குக் காத்திருந்து எடுக்க வேண்டும். இரண்டாவது, திரை இல்லாத சர்வரில் ஹெட்லெஸ் முறையில் ஓட்டினால் எதுவுமே வரையப்படாது, படமும் கிடையாது. இரண்டையும் விவரிப்பில் சேர்த்தோம். அதோடு ஒவ்வொரு பதிலிலும், படத்தோடும், டிக் எண் (கேமின் உள்கடிகாரம் எத்தனை முறை துடித்தது என்ற எண்) வரும்படி செய்யச் சொன்னேன். கோடோவின் பிசிக்ஸ் இயல்பாக வினாடிக்கு 60 டிக். 'டிக் எண் வேறுபட்டால் படமும் நிலையும் வெவ்வேறு நேரத்தவை. நிலையை நம்பவும்' என்று ஒரு வரி. இதற்குப் பிறகு ஏஜென்ட் முரண்பாட்டைக் கண்டால் முதலில் டிக்கைப் பார்க்கிறது, லாகில் தெரிகிறது.

கையில் கொடுக்கக் கூடாதவை

தொடக்கத்தில் 'ரன் ஸ்கிரிப்ட்' என்று ஒரு டூல் இருந்தது. கோடோவின் மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எந்த வரியையும் ஓடும் கேமுக்குள் இயக்கும். குழுவின் சொந்த வசதிக்காகப் போட்டது, பட்டியலில் அப்படியே போய்விட்டது. கடைமடைக்குத் தண்ணீர் சேர்க்கச் சொன்னால், சில சுற்றுகள் ஷட்டரோடு போராடிவிட்டு, வயலின் ஈரப்பத மாறியை நேரடியாக நிரப்பிவிட்டு 'இலக்கு நிறைவேறியது' என்று எழுதிவிட்டது ஏஜென்ட். மாறியை இப்படி மாற்றக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இந்த விஷயத்தில் எழுதி வைப்பதை நான் நம்பவில்லை, டூலையே பட்டியலிலிருந்து எடுப்பதுதான் ஆவணம். எடுத்தாயிற்று. கூடவே சர்வர் 127.0.0.1இல், அதாவது அதே கணினிக்குள் மட்டும் கேட்கும்படியும், சோதனைக்கான டீபக் பில்டில் மட்டும் இருக்கும்படியும் செய்தார்கள்.

'ரீசெட்' வேறு மாதிரி. தேவையான டூல்தான், ஆனால் சிக்கிக்கொண்டால் ஏஜென்ட் உடனே அதை அழைத்துவிடும், சிக்க வைத்த நிலை அழிந்துபோகும். டெஸ்டுக்கு வைத்த ஏஜென்ட் தடயத்தை அழிப்பது எவ்வளவு எரிச்சல்! 'அழைக்கும் முன் சேவ் டூலை அழைத்து, கிடைக்கும் கோப்புப் பெயரை அறிக்கையில் எழுதவும்' என்று எழுதியும் சில நேரம் தவறியது. கடைசியில் ரீசெட் தானே முதலில் சேவ் செய்துவிட்டு அழிக்கிறது.

பிழைச் செய்திகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. டூல் ஓடும்போது வரும் பிழையை எம்சிபி பதிலுக்குள்ளேயே அனுப்பலாம், மாடல் அதைப் படித்துத் திருத்திக்கொள்ளும். 'எர்ரர் 7' என்பதற்குப் பதில் 'ஷட்டர் நகர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் 2 கேம் மணி ஸ்டெப் செய்து மறுபடி அழைக்கவும்' என்று வந்தால் போதும்.

ஆவணத்தைச் சோதித்த விதம்

ஒரு கட்டத்தில் உற்சாகம் மிஞ்சி, கேமின் முழு வடிவமைப்புக் குறிப்பையும் விவரிப்புகளுக்குள் திணிக்கப் பார்த்தார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் அத்தனையையும் மாடல் சுமக்க வேண்டியிருக்கும், முக்கியமான வரி நடுவில் அமுங்கிப்போகும். பயிர்க் காலம், விளைச்சல் கணக்கு போன்றவற்றைத் தனி வாசிப்புக் கோப்பாக, எம்சிபியில் ரிசோர்ஸ் என்பார்களே அதில் வைத்தோம். விவரிப்பில் இருப்பது அழைக்கும் நேரத்தில் தெரிய வேண்டியது மட்டும்.

சோதனைக்கு கேமையே ஓட்டவில்லை. டூல் பட்டியலை மட்டும் புதிதாகத் தொடங்கிய மாடலிடம் கொடுத்துக் கேள்விகள் கேட்டோம்: ஷட்டரை 100க்கு வைத்த அடுத்த நொடி நிலை என்ன சொல்லும்? ஓடும் காலத்தில் ஸ்டெப் அழைத்தால்? மருதூர் மேலக்காலில் தண்ணீர் விட்டால் கடைமடை நிலையை எந்த டூலில் பார்ப்பாய்? பதில் தப்பினால் அந்த விவரிப்பைத் திருத்துவது. அம்பாசமுத்திரத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண்ணிடமும் இதே கேள்விகளைக் கொடுத்தோம். மாடல் தடுமாறிய இடங்களில் பெரும்பாலும் அவளும் தடுமாறினாள். அவள் "இது எனக்குப் புரியலண்ணே" என்று சொல்லிவிடுவாள், மாடல் எதையாவது ஊகித்துக்கொண்டு மேலே போய்விடும். அதனால் அவள் பதில்கள்தான் அதிகம் உதவின.

விவரிப்பும் ஸ்கீமாவும் இப்போது கோடிலேயே, ஃபங்ஷனுக்கு மேலே இருக்கின்றன. அங்கிருந்தே பட்டியல் உருவாகிறது. ஷட்டர் ஏறும் நேரத்தை யாராவது 3இலிருந்து 4 ஆக்கினால் விவரிப்பில் இருக்கும் எண்ணும் அதே மாறிலியிலிருந்து மாறிவிடும்.

அப்புறம் கிடைத்த முதல் உருப்படியான பக்: ஷட்டர் பாதி ஏறியிருக்கும்போது சேவ் செய்து, திரும்ப லோடு செய்தால், அது அங்கேயே நின்றுவிடும், புது ஆணை எதையும் ஏற்காது. மனிதர்கள் ஆடும்போது 3 வினாடிக்குள் சேவ் பொத்தானை அழுத்தும் வாய்ப்பு குறைவு, யாரும் பார்க்கவில்லை. 'நகர்ந்து முடித்திருக்காது' என்ற வரியைப் படித்த ஏஜென்ட் அந்த இடைவெளியிலேயே சேவ் செய்து பார்த்திருக்கிறது.

இன்னும் தீராதது ஒன்று. ஷட்டர் திறந்து எத்தனை மணியில் தண்ணீர் கடைமடை சேரும் என்று விவரிப்பில் எழுத முடியவில்லை. காய்ந்து கிடந்த கால்வாயில் முதல் தண்ணீரை மண் குடித்துவிடும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் சீக்கிரம் சேரும், நடுவில் மற்ற மடைகள் திறந்திருந்தால் அது வேறு கணக்கு. ஒரே எண் எழுதினால் பொய், எழுதாமல் விட்டால் ஏஜென்ட் ஆறு மணி நேரத்தில் பொறுமை இழந்து இன்னும் அதிகமாகத் திறந்துவிடுகிறது. 'கால்வாய் ஓட்டம்' டூல் இப்போது தண்ணீரின் முன்விளிம்பு எந்த மடை வரை வந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அண்ணாச்சியைக் கேட்டால், அவரும் சைக்கிளில் கால்வாய்க் கரையோடு போய் அதைத்தான் பார்ப்பாராம், மணிக்கணக்கு வைத்துக்கொண்டதில்லையாம்.